பச்சைத் தாளின் ஏழாவது பத்தி: மதுரையில் குடும்ப வழக்கு நடத்தும் வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வழக்கறிஞர் பெருமக்களுக்கு,

வணக்கம். மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்கு அருகில் ஒரு சிறிய தட்டச்சுக் கடையில் வேலை பார்ப்பவள் நான். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்ட 2004-ஆம் ஆண்டில்தான் நானும் இந்த வேலைக்கு வந்தேன். உங்களில் பலருக்கு என் பெயர் தெரியாது. ‘டைப்பிஸ்ட் அக்கா’ என்றால் தெரியும். வாய்தாவுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஓடிவரும் உங்கள் ஜூனியர்களுக்கு மனுவை அடித்து, பச்சைத் தாளில் அச்செடுத்து, பக்க எண் போட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். உங்களில் மூத்தவர்கள் பலர் தங்கள் வீட்டுப் பெண்ணிடம் பேசுவதுபோல என்னிடம் பேசியிருக்கிறீர்கள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

என் கைவழியே போன தாள்களில், பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகரத்துக் கோரும் கூட்டு மனுக்கள் நிறைய. மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் வருகிறவர்கள், கணவன் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமுமாக என் கடையின் பெஞ்சில் உட்கார்ந்து, தங்கள் மனு அச்சாகி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாருடைய கதையையும் நான் இங்கே சொல்லப்போவதில்லை. இந்த மடல் அந்த மனுவில் வரும் ஒரே ஒரு பத்தியைப் பற்றியது. திருமணம் நடந்த நாள், குழந்தை பிறந்த நாள், ஓராண்டுக்கு மேலாகப் பிரிந்து வாழ்வது, இனிச் சேர்ந்து வாழ இயலாது என்பது, சீர்வரிசையும் நகையும் திருப்பித் தரப்பட்டது என்றெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, பெரும்பாலும் ஏழாவதாகவோ எட்டாவதாகவோ அந்தப் பத்தி வரும்: ‘இரண்டாம் மனுதாரர் தமக்கும் தம்முடைய மைனர் குழந்தைக்கும் கடந்த கால, நிகழ்கால, எதிர்கால ஜீவனாம்சம் எதையும் முதல் மனுதாரரிடம் ஒருபோதும் கோருவதில்லை என முழு மனதுடன் ஒப்புக்கொள்கிறார்.’

இந்தப் பத்தியை யாரும் ஒவ்வொரு முறையும் யோசித்து எழுதுவதில்லை என்பதை நான் நன்றாக அறிவேன், ஏனென்றால் அதை நகலெடுப்பவளே நான்தான். ‘அக்கா, போன மாதம் அடித்த மியூச்சுவல் பெட்டிஷன் ஃபைலைத் திறந்து பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றிவிடுங்கள்’ என்பார்கள். நானும் மாற்றுவேன். ஒருமுறை, மகன் மட்டுமே உள்ள ஒரு தம்பதியின் மனுவில் ‘மைனர் மகளுக்கான ஜீவனாம்சம்’ விட்டுக்கொடுக்கப்பட்டிருந்தது. யாருடைய மகளோ, யாருடைய மனுவிலிருந்தோ அந்த வரி நகர்ந்து வந்திருந்தது. கையெழுத்துப் போடும் முன் நான் கவனித்துத் திருத்திவிட்டேன். ஆனால் ‘மகள்’ என்பதை ‘மகன்’ என்று திருத்தியபோது, அந்தப் பையனின் உரிமையைத்தான் சரியான எழுத்தில் பறித்துக் கொடுத்திருக்கிறோம் என்று அன்றிரவு வீட்டில் தோன்றிற்று. அந்த எண்ணம் இன்றுவரை என்னை விடவில்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. என்னுடைய கூட்டு மனுவையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.

2013 ஜூன் மாதம் அது. என் மகளுக்கு ஐந்து வயது. எனக்கும் என் முன்னாள் கணவருக்கும் இடையே அடிதடியோ வழக்கோ கிடையாது. இருவராலும் ஒரு வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, 3,50,000 ரூபாயை ஒரே தவணையாக வரைவோலையில் தருவது, நகைகளைத் திருப்பித் தருவது, அதன்பின் ஒருவரையொருவர் நாடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே வழக்கறிஞர். அவர் கெட்ட மனிதர் அல்லர். என்னிடம் கட்டணம்கூடக் குறைவாகவே வாங்கினார். ‘மாதாமாதம் என்று எழுதினால் அவர்கள் சம்மதிக்க மாட்டார்கள், காரியம் கெட்டுவிடும். மொத்தமாக வாங்கிக்கொண்டு நிம்மதியாக இரு, அம்மா’ என்றார். நான் தலையாட்டினேன். ஏழாவது பத்தியை என் விரல்களே அடித்தன. 2014 ஜனவரியில் இரண்டாம் முறை நீதிமன்றத்தில் நின்று, ‘சம்மதம்தானே’ என்ற கேள்விக்குச் சம்மதம் என்று சொல்லி, வரைவோலையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்தப் பணத்தின் கணக்கைச் சொல்கிறேன்; மொத்தத் தொகை பேசும்போதெல்லாம் இந்தக் கணக்கை யாராவது அந்தப் பெண்ணின் முன் வைக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். என் கல்யாணத்துக்காக அடகு வைத்திருந்த அப்பாவின் வீட்டை மீட்க 1,40,000 ரூபாய் போயிற்று. தனியாக வீடு பார்த்து, முன்பணம் கொடுத்து, பாத்திரம் பண்டம் வாங்க 60,000 ரூபாய். மீதி 1,50,000 ரூபாயைத் தபால் நிலையத்தில் மகள் பெயரில் போட்டேன்; அவள் ஆறாம் வகுப்புக்குப் போவதற்குள் அதுவும் கரைந்தது. ஒன்றுமே செலவாகாமல் முழுத் தொகையும் அவளுக்கென்றே இருந்ததாக வைத்துக்கொண்டாலும், அந்த ஜனவரி முதல் அவளுக்கு 18 வயது நிறையும் 2026 மார்ச் வரை 146 மாதங்கள். 3,50,000 ரூபாயை 146 ஆல் வகுத்தால் மாதத்துக்கு 2,400 ரூபாய்கூட வராது. அந்தத் தொகைக்குள் ஒரு குழந்தையின் சாப்பாடு, துணி, பள்ளிக் கட்டணம், காய்ச்சல், கண்ணாடி, சைக்கிள், அவள் படுத்துறங்கும் அறையின் வாடகை எல்லாம் அடங்க வேண்டும். இந்த வகுத்தலைப் போட 2013-இல் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மொத்தமாகக் கண்ணெதிரே வைக்கப்படும் பணம், இல்லாத வீட்டில் மிகப் பெரிதாகத் தெரியும்.

ஏழாவது பத்தியில் ஒப்புக்கொண்டுவிட்டேனே, இனிக் கேட்கக் கூடாதே என்று ஐந்து ஆண்டுகள் வாய்மூடி இருந்தேன். மகளுக்காக நான் விட்டுக்கொடுத்தது சட்டத்தின் முன் செல்லாது என்பதை, இன்னொரு பெண்ணுக்கான மனுவை அடித்துக்கொண்டிருந்தபோதுதான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு இது புதிய செய்தி அன்று. குழந்தையின் பராமரிப்பு உரிமை குழந்தைக்கே உரியது, தாய் தன்னுடையதை விட்டுக்கொடுக்கலாமே தவிர மகளுடையதை விட்டுக்கொடுக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றமும் 2019-இல் ஒரு பரஸ்பர விவாகரத்து வழக்கிலேயே தெளிவாக்கியிருக்கிறது. இந்துத் திருமணச் சட்டத்தின் 26-ஆவது பிரிவு, தீர்ப்பாணைக்குப் பிறகும் குழந்தையின் பராமரிப்பு, கல்வி குறித்த உத்தரவுகளைப் பிறப்பிக்கவும் மாற்றவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. மனைவிக்கும்கூடக் கதவு முழுவதுமாக மூடப்படவில்லை. பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்துப் பெற்றவள், ‘சம்மதத்தின் பேரில் பிரிந்து வாழும் மனைவி’க்கு ஜீவனாம்சம் இல்லை என்ற விலக்குக்குள் வரமாட்டாள் என்று 1995-லேயே தீர்ப்பு உண்டு. அப்படியிருக்க, செல்லாத ஒரு வரியை ஏன் நாம் மனுவுக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம்? நீதிமன்றத்தில் செல்லாவிட்டாலும் அந்தப் பெண்ணின் மனத்தில் அது செல்லுபடியாகிறது. என்னிடம் ஐந்து ஆண்டுகள் செல்லுபடியாயிற்று. நீதிமன்றத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கே அப்படியென்றால், பேரையூர்ப் பக்கத்திலிருந்து மூன்று பஸ் மாறி வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் பெண்ணுக்கு யார் சொல்வார்கள்?

2019 ஜூலையில் மகளின் பெயரில் ஜீவனாம்ச மனு போட்டேன். 2021 மார்ச்சில் மாதம் 5,000 ரூபாய், மனு போட்ட நாளிலிருந்தே தர வேண்டும் என்று உத்தரவாயிற்று. மனு நாளிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று 2020 நவம்பர் 4-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வகுத்த வழிகாட்டுதல் அப்போதுதான் வந்திருந்தது. அதனால் 20 மாத நிலுவையாக 1,00,000 ரூபாய் எனக்குக் கிடைத்தது. என் முன்னாள் கணவர் அதை இரண்டு தவணையில் கட்டினார் என்பதையும் சொல்ல வேண்டும். அதன்பின் ஐந்து மாதம் ஒழுங்காக அனுப்பினார். பிறகு நிறுத்திவிட்டார். தொழில் படுத்துவிட்டது, கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றார், நானும் பொறுத்தேன். அப்படியே 14 மாதம் ஓடிற்று, 70,000 ரூபாய் சேர்ந்தது. நிறைவேற்று மனு போடப் போனபோதுதான் அந்த ஓராண்டுக் கெடுவைப் பற்றி எனக்குச் சொல்லப்பட்டது. தொகை தர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் கேட்டால்தான் வாரண்டு; அதைத் தாண்டியதற்கு வாரண்டு இல்லை. 12 மாதத்துக்கான 60,000 ரூபாய்க்கு வாரண்டு கேட்க முடிந்தது. மீதி 10,000 ரூபாயைப் பெறும் உரிமை அழிந்துவிடவில்லை, தனியாக உரிமையியல் வழியில் வசூலிக்கலாம் என்பதையும், நம் மாநிலத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லியிருப்பதையும் பிறகு தெரிந்துகொண்டேன். 10,000 ரூபாய்க்காக ஒரு தனி வழக்கை நடத்த எந்தத் தாயால் முடியும்? அதை விட்டுவிட்டேன், மகளின் ஒன்பதாம் வகுப்பு டியூஷன் அதோடு போயிற்று.

என் அனுபவத்தை இவ்வளவு நீட்டிச் சொன்னதற்குக் காரணம், அந்த 2013 கூட்டு மனுவிலேயே நான்கு வரி வேறு விதமாக இருந்திருந்தால் இதில் பாதி நடந்திருக்காது என்பதுதான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 125-ஆவது பிரிவின்படி, அதாவது 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவின்படி, மாதத் தொகைக்கு உத்தரவு வாங்கினால் வசூலுக்கு வாரண்டு உண்டு. கட்டாதவரை ஒரு மாத நிலுவைக்கு ஒரு மாதம் வரை சிறையில் வைக்கலாம். சிறை சென்றதால் கடன் தீர்ந்துவிடாது. ஆனால் ஓராண்டுக் கெடு அதனோடு ஒட்டிக்கொண்டே வரும். அதே தொகை விவாகரத்துத் தீர்ப்பாணையின் பகுதியாகவே எழுதப்பட்டிருந்தால், அது உரிமையியல் தீர்ப்பாணைபோல நிறைவேற்றத்தக்கது. ஒவ்வொரு தவணையும் தவறிய நாளிலிருந்து 12 ஆண்டுகள் வரை நிறைவேற்று மனுப் போடலாம். சம்பளக்காரராக இருந்தால், ஜீவனாம்சத் தீர்ப்பாணைக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு அவருடைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே பாதுகாப்பளிக்கிறது. மற்ற கடன்களுக்குத் தரும் அளவுக்குப் பாதுகாப்புத் தருவதில்லை. ஓராண்டு எங்கே, 12 ஆண்டுகள் எங்கே? இந்த வேறுபாடு உங்கள் எல்லோருக்கும் தெரியும். என் கடை பெஞ்சில் உட்காரும் ஒரு பெண்ணுக்கும் இதைத் தமிழில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். பரஸ்பர சம்மத விவாகரத்தை நான் குறை சொல்லவில்லை. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் 1976-இல் 13-பி பிரிவு சேர்க்கப்பட்டிராவிட்டால், எங்களைப் போன்றவர்கள் பிரிவதற்காகவே ஒருவர்மேல் ஒருவர் சேற்றை வாரி இறைத்திருக்க வேண்டும். கொடுமை என்றோ கள்ளத் தொடர்பு என்றோ நிரூபிக்காமல் விலகலாம் என்பது எங்கள் இருவருக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக எங்கள் மகளுக்கும் பெரிய நிம்மதி. அவள் தன் அப்பாவைப் பற்றிக் கேவலமான எதையும் ஒரு நீதிமன்றத் தாளில் படிக்க நேராது. எங்கள் பக்கத்து ஊர்களில் சாதிப் பஞ்சாயத்தில் பேசி ‘அத்துவிட்டாச்சு’ என்று சொல்லும் பழைய வழக்கமும் குற்றம் காணாமல் பிரிப்பதுதான். பெரியவர்கள் அன்றும் தீர்க்கும் பணத்தை மட்டும் பேசிவிட்டு, குழந்தையைத் ‘தாயோடு போகும்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள் என்று என் அம்மா சொல்வார். அந்தக் குறை பச்சைத் தாளுக்கும் வந்து சேர்ந்திருப்பதுதான் என் வருத்தம். கணவன் மனைவி இருவரும் குற்றமில்லாமல் பிரிகிறார்கள். அந்த நாளில் தகப்பன் என்ற உறவு பிரிவதில்லை.

ஆண்களின் பக்கத்தையும் என் கடையில் பார்த்திருக்கிறேன். உத்தரவான தொகையை ஒவ்வொரு மாதமும் பிள்ளையைப் பார்க்க வரும்போது கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, ரசீது ஏதும் இல்லாததால் மூன்று ஆண்டுக்குப் பின் நிலுவை என்று வழக்கு வரும்போது தலையில் கைவைத்துக்கொண்டவர்கள் உண்டு. வேலை போனவுடன் தொகையைக் குறைக்கும்படி மனுப் போட வழியிருப்பது தெரியாமல், வெட்கத்தில் சும்மா நிறுத்திவிட்டு, பிறகு வாரண்டுக்குப் பயந்து ஊர் மாறியவர்களும் உண்டு. வங்கிக் கணக்கு எண், தேதி, தொகை மூன்றும் தீர்ப்பாணையில் இருப்பது அவர்களுக்கும் காப்புதான். தொகை மாற்றத்துக்கு வழி உண்டு, நிறுத்துவதற்கு வழியில்லை என்று கையெழுத்து நாளன்றே ஒருவர் சொல்லியிருந்தால் அவர்கள் ஊரைவிட்டு ஓடியிருக்க மாட்டார்கள்.

எனவே நான் கேட்பது இதுதான். மனைவியின் ஜீவனாம்சத்தையும் குழந்தையின் பராமரிப்பையும் ஒரே பத்தியில் கட்டாதீர்கள். சொந்தச் சம்பாத்தியமுள்ள ஒரு பெண், நன்றாக யோசித்து, தனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொன்னால் அது அவளுடைய முடிவு. அதை எழுதுங்கள், நான் அடித்துத் தருகிறேன். குழந்தைக்கு வேறு பத்தி வேண்டும். ஒரு மாதிரியை எழுதி வைத்திருக்கிறேன். சட்டம் படித்தவள் இல்லை என்பதால் உங்கள் திருத்தத்துக்கு உரியது அது:

‘மனுதாரர்களின் மைனர் குழந்தையின் பராமரிப்புக்காக முதல் மனுதாரர் ஒவ்வொரு ஆங்கில மாதமும் 5-ஆம் தேதிக்குள் இன்ன தொகையை இன்ன வங்கிக் கணக்கில் செலுத்துவார் என்றும், இத்தொகை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இத்தனை விழுக்காடு உயரும் என்றும், பள்ளி மற்றும் கல்லூரிக் கட்டணத்திலும் மருத்துவச் செலவிலும் இன்ன பங்கை ரசீது காட்டிய 15 நாட்களுக்குள் தனியே செலுத்துவார் என்றும், குழந்தை பட்டப்படிப்பையோ அதற்கு நிகரான தொழிற்படிப்பையோ முடிக்கும் வரை இக்கடமை தொடரும் என்றும், இரண்டாம் மனுதாரர் தமக்கான ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுத்திருப்பது குழந்தையின் உரிமையைப் பாதிக்காது என்றும் மனுதாரர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். இவ்வுடன்பாடு தீர்ப்பாணையின் பகுதியாக அமைய வேண்டும் எனவும் வேண்டுகிறார்கள்.’

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். உடன்பாட்டைத் தனி ஒப்பந்தத் தாளில் எழுதி இருவரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டு போய்விட்டால், தவறும் நாளில் அந்தத் தாளை நிரூபிக்கவே இன்னொரு வழக்கு வேண்டியிருக்கும்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உயர்வு என்பதை நானாகக் கற்பனை செய்யவில்லை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் மாதம் 50,000 ரூபாய் நிரந்தர ஜீவனாம்சம் விதித்தபோது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 விழுக்காடு கூட வேண்டும் என்று தானே எழுதியது. அந்தத் தொகை நம் ஊர்க் குடும்பங்களுக்கு எட்டாதது. உயர்வு என்ற முறை எட்டக்கூடியதே. என் மகளுக்கு 2021-இல் விதித்த 5,000 ரூபாய் இன்றும் 5,000 ரூபாய்தான், அவளோ அன்று ஏழாம் வகுப்பு, இன்று பிளஸ் டூ. கல்லூரி வரை என்று எழுதச் சொல்வதற்கும் காரணம் உண்டு. ஜீவனாம்சப் பிரிவின்படி மகனுக்குப் பெரும்பாலும் 18 வயதோடு நின்றுவிடும்; செலவு தொடங்குவதே அந்த வயதில்தான். திருமணமாகாத மகளுக்கு 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு துணை நிற்கிறது என்றாலும், அதற்கும் அவள் தனியே வழக்குக்குப் போக வேண்டும். 18 வயதுப் பெண் தன் படிப்புக்காகத் தன் தகப்பனுக்கு எதிராகக் கூண்டேறும் நிலையை, தகப்பன் மனம் கனிந்து சம்மதிக்கும் ஒரே நாளான கையெழுத்து நாளிலேயே தவிர்த்துவிடலாம்.

அந்த நாளைப் பற்றியும் ஒரு சொல். முதல் மனுவுக்கும் இரண்டாம் மனுவுக்கும் இடையே ஆறு மாத இடைவெளியைச் சட்டம் வைத்தது. 2017-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தளர்த்தலாம் என்றது. இப்போது தளர்வு மனுவும் கூடவே என்னிடம் அச்சுக்கு வருகிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு, ஜீவனாம்சமும் குழந்தையின் பொறுப்பும் உட்பட எல்லாவற்றையும் இருவரும் உண்மையாகவே தீர்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையையும் வைத்தது. ‘ஒருபோதும் கோருவதில்லை’ என்ற ஒரு வரி எப்படித் தீர்த்துக்கொண்டது ஆகும்? சம்மதம் வற்புறுத்தலாலோ ஏமாற்றாலோ தகாத செல்வாக்காலோ பெறப்படவில்லை என்று நீதிமன்றம் நிறைவடைய வேண்டும் என இந்துத் திருமணச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த நிறைவு முக்கால்வாசி உங்கள் மனுவின் வாசகத்தைப் பார்த்தே வருகிறது. நீதிபதியின் முன் அந்தப் பெண் நிற்பது சில நிமிடங்கள். உங்கள் முன் அவள் உட்கார்ந்திருப்பது பல நாட்கள்.

சொத்து, வருமானம், கடன் விவரங்களை இருதரப்பும் உறுதிமொழிப் பத்திரத்தில் தர வேண்டும் என்று அதே 2020 தீர்ப்பு ஜீவனாம்ச வழக்குகளுக்கு விதித்தது. சம்மத வழக்குகளில் அது வேண்டாத வேலை என்று தள்ளப்படுகிறது. கணவரின் சம்பளச் சீட்டைக்கூடப் பார்க்காமல் ஒரு மொத்தத் தொகைக்கு ஒப்புக்கொள்ளும் பெண், எதற்கு ஒப்புக்கொள்கிறாள் என்பதே தெரியாமல் கையெழுத்திடுகிறாள். இருவருக்கும் ஒரே வழக்கறிஞர் என்ற வழக்கத்தையும் தயவுசெய்து எண்ணிப் பாருங்கள். செலவு குறைவு என்பது உண்மை. கையில் பணமில்லாத பெண்ணுக்குத் தனி வழக்கறிஞரைச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகவே தரும். பெண்களும் குழந்தைகளும் வருமானம் எவ்வளவாயினும் அதற்கு உரியவர்கள் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சடித்து என் மேசைக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன். உங்கள் அலுவலகச் சுவரிலும் ஒட்டுவீர்களானால் அச்சடித்துத் தர நான் காசு வாங்க மாட்டேன்.

இந்து தம்பதிகளைப் பற்றியே பேசினேன் என்றாலும், இரண்டு ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்தபின் கிறித்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்தின் 10-ஏ பிரிவில் வரும் குடும்பங்களின் மனுவிலும், சிறப்புத் திருமணச் சட்ட மனுவிலும் இதே பத்தி சொல் மாறாமல் இருக்கிறது. 144-ஆவது பிரிவின் கீழ்த் தகப்பனின் கடமைக்கு மதம் கிடையாது.

மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் மாதாமாதம் என் கணக்குக்கு வந்துவிடுகிறது. செல்பேசியில் அந்தக் குறுஞ்செய்தி வரும்போதெல்லாம் என் மகள், ‘அப்பா பணமா அம்மா?’ என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு ஆண்டுகளாகக் கேட்பதை விட்டுவிட்டாள்.

என்னால் ஆவது ஒன்று உண்டு. மேலே எழுதிய மாதிரிப் பத்தியை ஒரு தனிக் கோப்பாக என் கணினியில் வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் தருவேன். இனிமேல் பழைய கோப்பைத் திறந்து பெயரை மாற்றும் வேலை என்னிடம் வரும்போது, ஏழாவது பத்திக்கு வந்ததும் நிறுத்தி, உங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு, ‘இவர்களுக்குக் குழந்தை இருக்கிறதா, சார்? இருந்தால் தொகை எவ்வளவு, எந்தத் தேதி, எந்தக் கணக்கு?’ என்று கேட்பேன். வாய்தா நேரத்தில் இது உங்களுக்கு எரிச்சலாக இருக்கும் என்பது தெரியும். சிலர் வேறு கடைக்குப் போகக்கூடும் என்பதும் தெரியும். அந்த மூன்று விடைகளையும் எழுதிக்கொண்டுதான் அச்சுப்பொறியில் தாளை வைப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மனுக்களைத் தட்டச்சு செய்பவள்,
மதுரை